இலுப்பைக்கு மரபணு மார்க்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வட்டாரத்து இலுப்பை மரங்களின் மரபணு வேறுபாட்டை மைக்ரோசாட்டிலைட் மார்க்கர் (டிஎன்ஏவில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடம்; அதன் நீளம் மரத்துக்கு மரம் மாறும்) கொண்டு அளக்க வரும் புதியவர்கள் பழைய தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். குழாயில் பெயர் எழுத மறப்பதையெல்லாம் இங்கே சொல்லவில்லை. அது தானாகப் பழகிவிடும்.

தோப்பையும் காட்டையும் ஒன்றாகச் சேர்ப்பது

கோயில் விளக்குக்கு எண்ணெய் வேண்டி நட்ட தோப்புகள் உண்டு. அங்கே பல மரங்கள் ஒரே தாய்மரத்து விதையாக இருக்கலாம். அழகர்மலைப் பக்கம் தானாக முளைத்தவற்றோடு அவற்றைக் கலக்காதீர்கள்.

சாயம் ஏற்றிய பிரைமரை முதலிலேயே வாங்குவது

வேண்டாம். பிரைமர் என்பது மார்க்கரின் இரு பக்கமும் ஒட்டி, அதைப் பிரதியெடுத்துப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு. சாதா பிரைமரில் எட்டு மரம் பார்த்து, பெருகுகிறது என்று தெரிந்தபின் வாங்குங்கள்.

பேண்டு வராத மரத்தை 'டிஎன்ஏ சரியில்லை' என்று ஒதுக்குவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பேண்டு என்பது பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் காட்டும் கோடு. பிரைமர் ஒட்டும் இடத்தில், குறிப்பாக அதன் 3' முனையில், ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்த அல்லீல் (மரத்திலுள்ள இரண்டு பிரதிகளில் ஒன்று) பெருகாமல் போகலாம். 180, 186 எழுத்து நீளத்தில் இரண்டு அல்லீல் இருக்கும் மரத்தில் 180 மட்டும் தெரியும். ஒற்றை அல்லீல் மரம் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு பிரதியும் பெருகாத மரத்தில் ஒன்றுமே வராது. ஒற்றை அல்லீல் மரங்கள் கூடினால் உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மரங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம், நடந்ததுபோலத் தெரியும். கடைசியில், 'உட்கலப்பால் மரங்கள் நலிகின்றன, வெளியூர் விதை கொண்டுவந்து நடுங்கள்' என்று அறிக்கை போகும். வௌவால்கள் தொலைவுக்கும் மகரந்தம் சுமக்கும் மரத்துக்கு இப்படியொரு தீர்ப்பை இவ்வளவு எளிதாக எழுதலாமா?

பேண்டு வராத மரத்தை வேறு நான்கைந்து மார்க்கரில் ஓட்டுங்கள். அவற்றில் வந்தால் டிஎன்ஏ மேல் பழியில்லை. அடுத்து பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை 2 அல்லது 3 டிகிரி குறைத்துப் பாருங்கள். உண்மையான உட்கலப்பு எல்லா மார்க்கரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். ஒன்றிரண்டில் மட்டும் தெரிந்தால் பிரைமரைச் சந்தேகியுங்கள்.

உறுதிசெய்யத் தாய்மரத்தையும் அதன் நாற்றுகளையும் சேர்த்து ஓட்டுவதே நல்ல வழி. தாயில் 180 மட்டும், நாற்றில் 186 மட்டும் என்றால் மறைந்த அல்லீல் இருக்கிறது; தாயிடமிருந்து ஒன்றைப் பெறாத நாற்று கிடையாது. இலுப்பை விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆகவே விழுந்த சூட்டோடு விதைத்து, மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாற்றாவது எடுங்கள். பிறகு பிரைமரைச் சில எழுத்துகள் வெளியே தள்ளி மறுபடி வடிவமையுங்கள்.

இலையை ஈரத்தோடு மூடிவைப்பது

1 கிராம் இளந்தளிருக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 10 கிராம். பால் வடியும் மரம். முற்றிய இலை வேண்டாம்.

ஒப்பீட்டு மரம் இல்லாமல் ஓட்டுவது

மாதிரிகளை ஓட்டும் ஒவ்வொரு தட்டிலும் அல்லீல் அளவு தெரிந்த இரண்டு மரங்களை வையுங்கள். இயந்திரமோ சாயமோ மாறினால் 180 என்பது 181 ஆகக் காட்டலாம்.