வெளுத்த தாமரை: நீர்வண்ணத்தில் பெரிய பூ வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சனிக்கிழமைதோறும் ஆறேழு பேர் நீர்வண்ணம் பழக வருகிறார்கள். ஒற்றைத் தாமரையையோ செம்பருத்தியையோ 22க்கு 30 அங்குல முழுத்தாள் நிறைய, இதழ் நரம்பு தெரியும்படி வரைய வேண்டும் என்பதே பலரின் ஆசை. தொடக்கத்தில் நான் செய்த பிழைகளை அவர்கள் ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்க்கையில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. பென்சிலை அழுத்தாதீர்கள், அழுக்குத் தண்ணீரை மாற்றுங்கள் என்பவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரக்காற்றில் காகிதம்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் தாளைக் கட்டிலுக்கு அடியில் செருகி வைத்தால், கடற்காற்றின் ஈரத்தில் அதன் பசைப்பூச்சு கெட்டு, வண்ணம் மை ஒற்றும் தாளில் ஊறுவதுபோல் திட்டுத்திட்டாக இறங்கும். பாலித்தீன் உறையில் இறுகக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய தாமரையை வரைந்து விற்றேன். இதழ் நுனிகளுக்கு ஓபரா ரோஸ் என்ற மினுக்கும் இளஞ்சிவப்பு, மடிப்பு நிழல்களுக்கு அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு. வாங்கியவர்கள் அதைக் கிழக்குச் சன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் அழைத்துக் காட்டினார்கள்: இலைகளின் பச்சை அப்படியே இருக்க, பூ மட்டும் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் நின்றது. சட்டத்தைக் கழற்றியபோது, மவுண்ட் அட்டை மறைத்திருந்த விரற்கடை அகலத்தில் மட்டும் பழைய இளஞ்சிவப்பு பளிச்சென்று இருந்ததைப் பார்த்து எனக்குத் தலை நிமிரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஓபரா ரோஸின் மினுக்கு, பி.ஆர். 122 என்ற நிறமியோடு கலக்கப்படும் ஒளிரும் சாயத்திலிருந்து வருகிறது. வெயில் பட்டால் முதலில் சாவது அந்தச் சாயம். அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். 83, நீர்த்த பூச்சில் வெளுத்துவிடும். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாகச் செய்த அதே அலிசரின் நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றப் பயன்பட்ட சாயவேரிலும் உண்டு. படிகாரத்தின் துணையோடு துணியில் ஏறிய அந்தச் சிவப்பு எத்தனையோ சலவைகளைத் தாங்கியது. நீர்வண்ணத்திலோ, எண்ணெய் வண்ணத்தில் நிறமியைச் சூழ்ந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தின் காப்பு இல்லை. பெரிய பூ என்றால் மெல்லிய பூச்சு அகன்ற பரப்பில் நிற்பதால் இழப்பும் அவ்வளவு பெரிதாகத் தெரியும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், போன மாதம் ஒரு மாணவி அதே ஓபரா டியூப்பை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி வந்து, "சார், கலர் எப்படி மின்னுது பாருங்க" என்றார். டியூப்பின் பெயரை விட்டுவிட்டு, பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.வி. 19 என்றிருக்கும் ரோஸ் தாமரைக்குப் போதும். செம்பருத்திக்கு அடியில் மெல்லிய மஞ்சள் பூசிக் காயவிட்டு அதன்மேல் இந்த ரோஸையே ஏற்றினால் சிவப்பு உள்ளிருந்து எரிவதுபோல் தெரியும். ஐயமிருந்தால் ஒரு துண்டுத் தாளில் பட்டை இழுத்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மூன்று மாதம் சன்னலில் ஒட்டி வையுங்கள். என் சன்னலில் இப்போது பதினோரு பட்டைகள் தொங்குகின்றன. வீட்டில் திட்டு விழுகிறது.

பாதி காய்ந்த இதழ்

மினுமினுப்பு மங்கியும் புறங்கையால் தொட்டால் சில்லென்றிருக்கும் இதழில் ஈரத் தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் வடிவில் கறை விரியும். மழைக்காலத்தில் இந்த இடைநிலை வெகுநேரம் நீடிக்கும். அது காயும்வரை, அடுத்திருக்கும் இதழுக்குப் போகாமல் எதிர்ப்புறத்து இதழுக்குப் போய்விடுங்கள்.

கறுப்பு டியூப்

வீட்டிலேயே இருக்கட்டும்.

பூவின் நேரம்

பூக்கடை பத்ரியன் தெருவில் காலையில் வாங்கிய தாமரை பிற்பகலுக்குள் ஓரம் கருகத் தொடங்கும். செம்பருத்திக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஆகவே முதல் அரைமணி நேரத்தில் நிறங்களைக் கலந்து ஒரு துண்டுத் தாளில் பதிந்துவிடுங்கள். கைபேசிப் படம் வடிவத்துக்கு உதவும், சிவப்பு விஷயத்தில் பொய் சொல்லும். ஒன்று போதும் என்று நினைக்காமல் மூன்று பூ வாங்கி, ஒன்றைப் பிய்த்து இதழின் முதுகையும் பாருங்கள்.