திறந்த கட்ட அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போடுவது எப்படி?

கட்டம் கட்டமாகப் பிரித்த அலமாரியில் பொம்மையும் புத்தகமும் அடுக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தூசி தட்டி மாளாது. வீடு தெருவோரம் என்றால் கேட்கவே வேண்டாம். இதற்குக் கண்ணாடிக் கதவு போடத் தச்சரைத் தேட வேண்டியதில்லை. கண்ணாடியைக் கடையில் வெட்டித் தந்துவிடுவார்கள். பலகையில் துளை போட்டு மாட்டுவதுதான் நம் வேலை. கவனம் முழுவதும் அளவில் இருக்க வேண்டும். மரம் ஒரு நூல் கூடிப்போனால் இழைத்துவிடலாம், கண்ணாடியை வீட்டில் வைத்து இழைக்க முடியாது.

இங்கே சொல்வது 18 மி.மீ. பிளைவுட்டில் செய்த, கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 33 செ.மீ. அகல உயரம் உள்ள எட்டுக் கட்ட அலமாரிக்கு. ரெடிமேட் அலமாரி என்றால் நடுப்பலகைகளை விரலால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கு என்று வெற்றொலி வந்தால் உள்ளே காகிதத் தேன்கூடு அட்டைதான் இருக்கும். அதில் கீல் நிற்காது.

தள்ளு கதவா, திறக்கும் கதவா?

ஷோகேஸ்களில் வழக்கமாகப் பார்ப்பது சேனலில் ஓடும் தள்ளு கண்ணாடி. நீளத் தட்டுக்கு அது சரி. சின்னக் கட்டத்துக்கு வேண்டாம் என்பேன். எப்போதும் பாதிதான் திறக்கும், பெரிய பொம்மையை வெளியே எடுக்க முடியாது. இதற்கு ஏற்றது, கண்ணாடியைத் துளைக்காமல் கவ்விப் பிடிக்கும் ஷோகேஸ் கீல். மேலே ஒன்று, கீழே ஒன்று என ஜோடியாகக் கிடைக்கும். அதன் முனை, பலகையில் பதித்த சின்ன பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் சுழலும்.

1. முதலில் கீல், அப்புறம்தான் கண்ணாடி

பலர் கண்ணாடியை முதலில் வெட்டிவிடுகிறார்கள். கீலின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்ணாடிக்கு மேலும் கீழும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். ஹார்டுவேர் கடையில் 4 அல்லது 5 மி.மீ. கண்ணாடிக்கான கீல் என்று கேட்டு வாங்குங்கள். கவ்வும் இடத்தில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதா பாருங்கள். இரும்பு நேராகக் கண்ணாடியில் பட்டால் திருகை இறுக்கும்போதே விரிசல் விடும். கூடவே அழுத்தினால் திறக்கும் காந்தப் பிடிப்பும் வாங்கிவிட்டால் கைப்பிடியே தேவையில்லை.

2. அலமாரியை நேராக நிறுத்துங்கள்

ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் சாய்ந்திருந்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அடியில் சக்கை கொடுத்து மட்டம் செய்து, எல் வடிவப் பட்டையால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, நம் கட்டத்துக்கு ஒரு கதவே 1.3 கிலோவுக்கு மேல் வரும். எட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் அவ்வளவு எடையும் முன்னால் வந்து நிற்கும்.

3. ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக அளந்து எழுதுங்கள்

ஒன்றை அளந்து எட்டால் பெருக்காதீர்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் மி.மீ. கணக்கில் எடுத்து, இருப்பதில் சிறியதைக் குறியுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் கட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் இருந்தால் சுற்று இடைவெளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கட்டங்களுக்கு எண் போட்டு, தாளிலும் அதே எண்ணை எழுதுங்கள்.

4. சன்போர்டில் ஒரு பொய்க்கதவு

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் 5 மி.மீ. சன்போர்டு என்ற லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை கிடைக்கும். கட்டத்தின் அளவில் அகலத்துக்கு 4, உயரத்துக்கு 6 மி.மீ. குறைத்து ஒன்று வெட்டி, கீலை மாட்டித் திறந்து மூடிப் பாருங்கள். கீல் பக்க விளிம்பு திரும்பும்போது பக்கப் பலகையில் உரசுகிறதா, மேலே தட்டுகிறதா என்று எல்லாமே தெரிந்துவிடும். உரசினால் பிளேடால் சீவலாம். சரியாக வந்த பிறகு, கட்டத்திலிருந்து எவ்வளவு குறைத்தீர்களோ அதே கழிவை மற்றக் கட்டங்களுக்கும் போடுங்கள்.

பொய்க்கதவை மாட்ட எப்படியும் துளை வேண்டும். அங்கேதான் ஒரு சிக்கல். நடுப்பலகையில் மேல் கட்டத்துக் கதவுக்கும் கீழ்க் கட்டத்துக் கதவுக்கும் துளை வரும். புஷ் 10 மி.மீ. நீளம் என்றால், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் துளைத்தால் 18 மி.மீ. பலகையில் அவை சந்தித்துவிடும். அதனால் மேல் வரிசைக்கு இடப்பக்கக் கீல், அடுத்த வரிசைக்கு வலப்பக்கக் கீல் என மாற்றி வையுங்கள். டிரில் பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

5. கண்ணாடிக் கடையில் சொல்ல வேண்டியவை

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் டஃப்பன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியே கேளுங்கள். உடைந்தாலும் கூர்மையான சில்லாகாமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். ஆனால் டஃப்பன் செய்த பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. அதனால்தான் பொய்க்கதவை அவ்வளவு வற்புறுத்தினேன். நான்கு விளிம்பையும் தேய்த்து பாலிஷ் போடச் சொல்லுங்கள். மூலையைக் கொஞ்சம் மழுக்கவும் சொல்லுங்கள். கோடு போட்ட கண்ணாடி என்றால் கோடு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். சதுரத் துண்டில் அவர்களுக்கு மேல் கீழ் தெரியாது. உள்ளே இருப்பது பார்க்க அவ்வளவு ஒழுங்காக இல்லையென்றால் கோடு போட்டதே நல்லது.

6. மாட்டுதல்

கையுறை போட்டுக்கொண்டு, தரையில் போர்வை விரித்து வேலை செய்யுங்கள். புஷ்களைத் துளையில் பதியுங்கள். கீழ்க் கீலைக் கண்ணாடியில் கவ்வி புஷ்ஷில் நிறுத்துங்கள். பிறகு மேல் கீல். திருகைக் கையால் திருப்பும் ஸ்க்ரூடிரைவரால் மட்டும் இறுக்குங்கள், பவர் டிரில் வேண்டாம். இடைவெளி சமமாக இருக்கிறதா பார்த்து, கண்ணாடியை நகர்த்திச் சரிசெய்து, கடைசியாக ஒருமுறை இறுக்குங்கள். காந்தத்தைத் திறக்கும் பக்க மூலைக்கு நேரே உள்ளே வைத்து, அதன் இரும்புத் தகட்டைக் கண்ணாடி மூலையில் செருகுங்கள்.

சுற்றியுள்ள இரண்டு மூன்று மி.மீ. இடைவெளியை ரப்பர் வைத்து அடைக்க வேண்டாம். கொஞ்சம் தூசி வரத்தான் செய்யும், ஆனால் அடைத்துவிட்டால் மழைக்காலத்தில் புத்தகங்கள் பூஞ்சை வாடை அடிக்கும். ஒரு வாரம் கழித்து எல்லாக் கீல் திருகையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். ரப்பர் பட்டை அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.