காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ-ல மூளைக்குப் பரவின கேன்சரைத் தேடுறது எப்படி?

ரேடியாலஜி பக்கம் புதுசா வந்திருக்கிறவங்களுக்குத்தான் இது. நுரையீரல், மார்பகம், கிட்னி, மெலனோமா (தோல் கேன்சர்ல ஒரு வகை)ன்னு எங்கயோ ஆரம்பிச்ச கேன்சர் ரத்தம் வழியா மூளைக்கு ஏறிடுச்சான்னு பாக்க சிடி பத்தாது, குட்டிப் புள்ளிங்க தப்பிச்சிடும், அதுவும் சிறுமூளைப் பக்கம் எலும்பு நிழல் விழுந்து ரொம்பவே தொல்லை.

ஸ்டெப் 1: பேஸ்மேக்கர், உடம்புக்குள்ள மெட்டல், கர்ப்பம், பழைய காண்ட்ராஸ்ட் அலர்ஜி எல்லாம் கேட்டுடுங்க. கிட்னியோட ஜிஎஃப்ஆர் (ரத்தத்தை வடிகட்டுற வேகம்) 30-க்குக் கீழ இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம காண்ட்ராஸ்ட் ஊசி கூடாது.

ஸ்டெப் 2: ஊசிக்கு முன்னாடி ஒரு டி1 (தண்ணி கறுப்பா தெரியுற எம்ஆர்ஐ படம்) எடுங்க. நேரம் மிச்சம்னு இதை விட்டுடாதீங்க ப்ளீஸ், ஏன்னா பழைய ரத்தக்கசிவும் மெலனினும் (மெலனோமா கட்டில இருக்கிற நிறப்பொருள்) ஊசியே போடாம வெள்ளையா தெரியும், அப்புறம் எது மருந்தால வந்த வெள்ளைன்னு சொல்லவே முடியாது.

ஸ்டெப் 3: காண்ட்ராஸ்ட் மருந்து காடோலினியம், அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிமோல், 0.5 மோலார் (ஒரு மில்லில 0.5 மில்லிமோல்) மருந்துன்னா அது 12 மில்லி, காடோபியூட்ரால்ங்கிற காடோலினியம் மருந்து 1 மோலார், அதனால 6 மில்லி தான், நிறைய பேர் குழம்புற இடம் இது. நல்ல மூளையோட ரத்தக்குழாய் சுவர் மருந்தை வெளிய விடாது, கட்டிக்குள்ள இருக்கிற குழாய் கசியும், கசிஞ்ச இடம் டி1-ல வெள்ளையாகும். கசிய டைம் வேணும்ல, அஞ்சு நிமிஷமாவது பொறுங்க, சும்மா உக்காராம டி2 (தண்ணி வெள்ளையா தெரியுற படம்) ஓட்டிக்கலாம்.

ஸ்டெப் 4: அந்த டைம் முடிஞ்சதும் 1 மிமீ கனத்துல 3டி டி1.

ஸ்டெப் 5, இதான் மெயின் வேலை. முன்ன எடுத்ததையும் பின்ன எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மெதுவா ஸ்க்ரோல் பண்ணுங்க. வெள்ளைப் புள்ளி ஒண்ணு கண்ணுல பட்டா மேல கீழ ரெண்டு மூணு ஸ்லைஸ் போங்க, நகந்துகிட்டே நீளமா போச்சுன்னா ரத்தக்குழாய், அங்கயே உருண்டையா முடிஞ்சா சந்தேகப்படுங்க, மூணு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு எண்ணுங்க (ஆரம்பத்துல நான் குழாயெல்லாம் சேர்த்து எண்ணி சீனியர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்). சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேர்ற ஓரத்துல குழாய் குறுகுறதால செல் அங்கதான் சிக்கும், முதல்ல அங்க தேடுங்க. ஃப்ளேர்ல (மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணியைக் கறுப்பாக்கி வீக்கத்தை வெள்ளையா காட்டுற படம்) கட்டியைச் சுத்தி விரல் விரலா வீக்கம் தெரியும், ஆனா குட்டிக் கட்டிக்கு வீக்கமே இல்லாமலும் இருக்கும், அதனால ஃப்ளேரை மட்டும் நம்பாதீங்க.

மோதிரம் மாதிரி ஓரம் மட்டும் வெள்ளையா இருந்தா டிஃப்யூஷன் (தண்ணி மூலக்கூறு நகர்றதைக் காட்டுற படம்) பாருங்க, நடுவுல பளிச்சுன்னு இருந்து அதுலருந்து கணக்குப் போட்டு வர்ற ஏடிசி படத்துல கறுப்பா இருந்தா சீழ்க்கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம். சிறுமூளை மடிப்புகளுக்குள்ள கோடு கோடா வெள்ளை ஓடுதான்னும் ஒரு பார்வை, அது மூளை உறைக்குப் பரவினதா இருக்கலாம்.

டெக்ஸாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு) ஓடுதான்னு கேளுங்க, அது வெள்ளையையே மங்க வெச்சிடும். ஒரே ஒரு கட்டின்னா இன்னும் உஷார், 1990-ல வந்த ஒரு ஸ்டடில ஒத்தைக் கட்டியோட சேர்ந்த 54 பேர்ல 6 பேருக்கு பயாப்ஸில அது பரவின கேன்சரே இல்ல.