கொரோவின் ஆகாரைப் பார்த்து ஸ்கெட்ச் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆயில் பெயின்டிங் கற்க வருகிறவர்களில் சிலருக்கு நிலக்காட்சியோடு நிற்க மனம் வராது. பைபிள் காட்சி ஒன்றையும் அதற்குள் கொண்டுவர ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான். அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பிரெஞ்சு ஓவியர் கமீல் கொரோ 1835இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த 'பாலைவனத்தில் ஆகார்'. ஆபிரகாமின் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட ஆகார், மகன் இஸ்மவேலோடு வனாந்தரத்தில் தவிக்கும் பைபிள் காட்சி அது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் மட்டும் சுமார் 270 சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய படத்துக்குத் தயாராகும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். பிரஷ் கழுவாதது, வண்ணம் தண்ணியாகிப்போவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

ஸ்டடியையே ஸ்கெட்ச்சாக எடுத்துக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வெளியில் உட்கார்ந்து ஒரு மரத்தையோ பாறையையோ பார்த்துத் தீட்டுவது ஸ்டடி. அந்த மரம் எப்படி இருக்கிறது என்பது மட்டுமே அதன் வேலை. கம்போசிஷன் ஸ்கெட்ச் வேறு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, இருட்டு எங்கே திரள்கிறது, ஆட்கள் எந்த இடத்தில் இருந்தால் கதை புரியும் என்று முடிவெடுப்பதற்காகப் போடுவது அது.

கொரோவின் ஆகார் படத்தில் நிற்கும் பெரிய மரம் பிரான்சின் ஃபோன்தென்புளோ காட்டில் அவர் பார்த்த ஓக். 1832 அல்லது 1833இல், பா-பிரேயோ என்ற பகுதியில், சுமார் 40க்கு 50 சென்டிமீட்டர் தாளில் அதைத் தீட்டினார். அந்தத் தாளில் ஆகாரும் இல்லை, இஸ்மவேலும் இல்லை. பெரிய படத்துக்குள் வரும்போதுதான் அந்த ஓக் பெயெர்செபா வனாந்தரத்து மரமாகிறது.

இந்தப் பிரிவினை கொரோவின் தனிப் பழக்கமும் அல்ல. பைபிள், புராண, வரலாற்றுக் கதைகள் நடக்கும் 'வரலாற்று நிலக்காட்சி'க்கான ரோம் பரிசு, அதாவது வென்ற பிரெஞ்சு ஓவியரை ரோமுக்குப் படிக்க அனுப்பும் பரிசு, 1817இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. வென்றவர் மிஷல்லோன், பின்னாளில் கொரோவின் முதல் ஆசிரியர். அந்தப் போட்டியில் கம்போசிஷன் ஸ்கெட்ச்சுக்கு ஒரு சுற்று, மரம் தீட்டுவதற்குத் தனியாக இன்னொரு சுற்று. இரண்டிலும் தேறியவர்கள்தான் பெரிய படத்துக்கே போக முடியும்.

என்னிடம் படித்த ஒருவர் ஆற்றங்கரையில் அருமையான ஒரு ஸ்டடி போட்டார். மாலை வெயில், இடப்பக்கத்திலிருந்து. அதை அப்படியே ஆறடி கேன்வாஸில் பெரிதாக்கினார். அப்புறம் வீட்டுக்குள் ஒருவரை மண்டியிட வைத்து ஆகாரைச் சேர்த்தார். ஜன்னல் வலப்பக்கம். மாதக்கணக்கில் உழைத்த பிறகு பார்த்தால், மரத்தின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, ஆகாரின் நிழல் எதிர்ப்பக்கம். ஆகார் அந்த மண்ணில் மண்டியிடவே இல்லை, மேலே ஒட்டிய படம்போல இருந்தாள். நிழலை மாற்றினார், புடவை மடிப்பை மாற்றினார், கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். கேன்வாஸ், வண்ணம், உழைப்பு எல்லாம் போயிற்று. உள்ளங்கை அளவு ஸ்கெட்ச் ஒன்று போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் யாரும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஸ்கெட்ச்சில் முகம் வரைவது

வேண்டாம். தலைக்கு ஒரு தடம் போதும்.

வெளியில் நாள் முழுக்க ஒரே ஸ்டடி

வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும். 1800வாக்கில் நிலக்காட்சிப் பாடநூல் எழுதிய வாலன்சியென் சொன்ன கணக்கு: ஒரு ஸ்டடிக்கு அதிகபட்சம் 2 மணி நேரம், சூரிய உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணி. நானும் அதையேதான் சொல்கிறேன்.

வெறுந்தாளில் எண்ணெய் வண்ணம்

தாள் எண்ணெயை உறிஞ்சி நாளடைவில் நொறுங்கும். முதலில் பசையோ, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சோ பூசுங்கள்.

கதையைப் படிக்காமல் தொடங்குவது

ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஆகாரின் கதை ஒரு பக்கம்கூட வராது. துருத்தியில் தண்ணீர் தீர்ந்ததும் ஆகார் பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டு, அது சாவதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். கொரோ அந்தத் தூரத்தைக் காட்டவில்லை. தரையில் கிடக்கும் மகன் பக்கத்திலேயே தாயை மண்டியிட வைத்து, தேவதூதரைத் தொலைவில், வானத்தில் சிறிதாகப் பறந்து வர வைத்தார். அவளுக்கு உதவி வருவது நமக்குத் தெரிகிறது, அவளுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த முடிவு அதுதான். உங்கள் படத்தில் அந்தத் தூரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாயும் மகனும் தள்ளியிருக்க ஒன்று, அருகருகே ஒன்று என இரண்டு ஸ்கெட்ச் போட்டுச் சுவரில் மாட்டிப் பாருங்கள். கேன்வாஸ் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.