மரச்சட்டத்தில் ஒரு சின்ன கிலிம் நெய்வது எப்படி?

துருக்கியின் அனதோலியாவிலும் ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்துக் கஷ்காய் பழங்குடியினரிடமும் பெண்கள் நெய்யும் தரைவிரிப்பு கிலிம். எங்கு பார்த்தாலும் வைரம், முக்கோணம், படிக்கட்டு என்றே வடிவங்கள் இருக்கும். ஏன் என்பது நெய்தால்தான் புரியும்.

தேவையானவை: ஓரடிக்கு ஒன்றரை அடி மரச்சட்டம், சிறு ஆணிகள், முறுக்கிய பருத்தி நூல், இரு நிறக் கம்பளி நூல், மரஸ்கேல், மொண்ணை ஊசி, முள்கரண்டி. நெசவுச் சீப்பு என்று விலைக்கு வருவதெல்லாம் இந்த அளவுக்கு வேண்டாம். அக்ரிலிக் நூல் மட்டும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு அடித்தாலும் ஸ்பிரிங் மாதிரி எழும்பி வரும்.

சட்டத்தின் மேலும் கீழும் ஒரு செ.மீ. இடைவெளியில் ஆணி அடித்து, பருத்தி நூலைப் பாவாக (மேலிருந்து கீழாக ஓடும் இழைகளாக) விறைப்பாகக் கட்டுங்கள். ஒன்றுவிட்டு ஒரு இழையாக ஸ்கேலைக் கோத்து நிமிர்த்தினால் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) போக வழி திறக்கும். அடுத்த வரிசைக்கு ஸ்கேலைப் படுக்கவைத்து, ஊசியால் கோக்க வேண்டியதுதான். முதல் நாலைந்து வரிசை பருத்தி நூலிலேயே போகட்டும்.

இனி கம்பளி ஊடை. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நேராக இழுத்து அடித்தால், பாவைச் சுற்றி வளைய நூல் போதாமல் இரு ஓரமும் உள்ளே வரும். கொஞ்ச நேரத்தில் துணி இடுப்புச் சிறுத்து நிற்கும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் வில்லாக வளைத்துவிட்டு, முதலில் நடுவில் அழுத்தி, அப்புறம் ஓரங்களைப் பார்த்து முள்கரண்டியால் அடியுங்கள். வெள்ளைப் பாவு எட்டிப் பார்த்தால் வளைவு போதவில்லை. ஊடை சுருண்டு துருத்தினால் அதிகம்.

சரி, நிறம். ஒரே வரிசையில் சிவப்பு இடமிருந்து வலம் வந்தால், நீலம் வலமிருந்து இடம் வர வேண்டும். எல்லையில் இரண்டும் தத்தம் கடைசிப் பாவிழையைச் சுற்றித் திரும்பிவிடும், பின்னிக்கொள்ளாது. அதனால் அங்கே ஒரு பிளவு விழும். எல்லை நேராக மேலே போனால் பிளவு நீண்டு விரிப்பே தொளதொளத்துவிடும். நான்கு வரிசைக்கு ஒருமுறை எல்லையை ஓர் இழை தள்ளுங்கள். படிக்கட்டு தானாக வந்துவிடும்!

நாடோடிகளின் தறி தரையில் கிடக்கும். இடம்பெயரும்போது பாதி நெய்ததை அப்படியே சுருட்டிக் கட்டிக்கொள்வார்கள். நமக்குச் சட்டம் போதும்.

பின்னர் சேர்த்தது: நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடாதீர்கள் (சிலர் அனுப்பிய படங்களில் முடிச்சு முன்பக்கமே புடைத்திருந்தது). பழைய நுனிமேல் புதியதை ஓரங்குலம் சேர்த்து ஓட்டினால் போதும். முடித்ததும் பாவை மொத்தமாக வெட்டாமல், இரண்டிரண்டு இழையாக வெட்டி உடனே முடிச்சுப் போட்டுக்கொண்டே போங்கள்.