“கட்டாயமில்லை” என்ற சொல்லை நம்பாதீர்கள்

செப்டம்பர் நெருங்கினால் அமெரிக்க எம்.பி.ஏ. படிப்புகளுக்கான முதல் சுற்று விண்ணப்பங்கள் என்னிடம் வரத் தொடங்கும். தெரிந்தவர்களின் பிள்ளைகள், அலுவலகத்தில் இளையவர்கள், எல்லோரும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வார்கள். எழுத்துப்பிழைகளை அவர்களே திருத்திக்கொள்ளலாம். “கட்டாயமில்லை” என்று போட்டிருக்கும் விருப்பக் கட்டுரைக்கான கட்டத்தில்தான் நான் செய்த பழைய தவறுகளை மறுபடியும் பார்க்கிறேன்.

கேள்வி எழும் இடத்தில் காலிக் கட்டம்

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் விண்ணப்பித்தபோது அப்போதைய மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கவில்லை. வேலையை விடப்போவது தெரிந்தால் பதவி உயர்வு நின்றுவிடும் என்ற பயம். அவருக்கு முன் எனக்கு மேலாளராக இருந்தவரிடம் வாங்கினேன். கடிதம் நன்றாகவே இருந்தது. ஏன் அவரிடம் வாங்கினேன் என்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் தன்னம்பிக்கை உள்ளவன் என்று நினைப்பார்கள் என நம்பினேன். நிராகரிப்புக்குப் பிறகு சேர்க்கைக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி: “இப்போதைய மேலாளருடன் உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா?” மூன்று வரியில் முடிந்திருக்க வேண்டியது. ஓர் ஆண்டு போயிற்று.

சென்ற மாதம் திருப்பூரிலிருந்து ஒரு பெண் விண்ணப்பத்தை அனுப்பினாள். அப்பாவின் பின்னலாடை நிறுவனத்தில் ஏற்றுமதியைக் கவனிப்பவள். மேலதிகாரி அப்பாதான். பெற்ற அப்பா தரும் பரிந்துரையை யார் மதிப்பார்கள்? அதனால் அவர்களிடம் ஆடை வாங்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் கடிதம் வாங்கியிருந்தாள். மிகச் சரியான முடிவு. ஆனால் கட்டம் காலி. கேட்டதற்கு, “கட்டாயமில்லை என்றுதானே போட்டிருக்கிறார்கள், அண்ணா?” என்றாள்.

இந்தக் கட்டம் எதற்கு என்று வார்ட்டன் என்ற அமெரிக்க மேலாண்மைக் கல்லூரி தன் விண்ணப்பத்தில் பட்டியலே போட்டு வந்திருக்கிறது: வேலையில் இடைவெளி, பரிந்துரைப்பவரின் தேர்வு, சீரற்ற மதிப்பெண்கள். அங்கே நீங்கள் பதில் சொல்லாவிட்டால் படிப்பவர் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்வார். அந்த ஊகம் பெரும்பாலும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். அவளை எழுதச் சொன்னது இவ்வளவுதான்: “தந்தையிடம் நேரடியாகப் பணிபுரிகிறேன். எனவே மூன்று ஆண்டுகளாக என்னிடம் விலையும் தரமும் பேசிவரும் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கக் கேட்டேன்.”

அரியருக்குச் சாக்கு

எப்போது வந்தது, ஏன் வந்தது, பிறகு மதிப்பெண் எப்படி ஏறியது: நான்கு வரி போதும். பேராசிரியரைக் குறை சொல்லும் வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

ஜிமேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு விளக்கம்

வேண்டாம். தேர்வை மறுபடி எழுதுங்கள்.

வேறு கல்லூரிக்கு எழுதியதை ஒட்டுவது

படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே கட்டமாக நினைப்பது

ஸ்டான்ஃபோர்டு விண்ணப்பத்தில் விருப்பக் கேள்வி ஒன்று இருந்துவருகிறது. உங்கள் செயலால் விளைந்த மாற்றத்துக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் வரை தரலாம். அது குறையை விளக்கும் இடமல்ல. சொல்ல எடுத்துக்காட்டு உள்ளவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. திருப்பூர்ப் பெண் அதையும் காலியாகத்தான் வைத்திருந்தாள். கைவிட்டுப் போகவிருந்த ஓர் ஆர்டரை அவள் மீட்ட கதை விண்ணப்பத்தில் எங்குமே இல்லை. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.