பழைய கிச்சன் கப்போர்டுக்குப் புது முகம்

மடிப்பாக்கம் ஃபிளாட்டை விற்பது என்று முடிவானதும், கிச்சன் கப்போர்டை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு மாடுலர் கிச்சன் போடச் சொன்னார்கள். லட்சக்கணக்கில் போட்டால் அது விலையில் அப்படியே திரும்பி வருமா என்ன? பெட்டிகள் நல்ல பிளைவுட், அசையவில்லை. கதவுகள்தான் அசிங்கம்.

சிங்க்குக்குக் கீழே மட்டும் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, தண்ணீர் ஊறி உப்பிப் போயிருந்தது. முதலில் வேஸ்ட் பைப் கசிவைச் சரிசெய்துவிட்டு, அந்த அடிப்பலகையை ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டாக மாற்றினோம். வீடு பார்க்க வருகிறவர்கள் குனிந்து திறந்து பார்க்கிற கதவு அதுதான், வேறு எங்கே மிச்சம் பிடித்தாலும் இங்கே கூடாது. அப்புறம் தொங்கிய கதவுகள். பழைய கீல்களும் கதவுக்குள் பதியும் 35 மில்லிமீட்டர் கிண்ணம் வைத்தவை என்பதால் அதே குழியில், கதவு அடிக்காமல் மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் கீல் உட்கார்ந்துவிட்டது. ஸ்க்ரூ பிடிக்காத ஓட்டைகளில் ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சியை அடித்து, காய்ந்ததும் சீவிவிட்டு மறுபடி முடுக்கினார் கார்பென்டர். கதவுக்கு மேட் வெள்ளையில் மைக்கா (மேலே ஒட்டும் லேமினேட் ஷீட்), பளபளப்பு வேண்டாம், அதில் கைரேகை தெரியும். கைப்பிடி வாங்கும்போது பழைய துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள், எங்களுடையது 96 மில்லிமீட்டர். மாறினால் கதவின் உள்பக்கம் பழைய ஓட்டை பல்லிளிக்கும்.